ஸ்டெம் செல் போட்டால் டைப் 1 சர்க்கரை போய்விடுமா? ஆறு லட்சம் கேட்கிறார்கள்

குன்னூர் அப்பா · ஞாயிறு இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். குழுவுக்குப் புதியவன். குன்னூர் பக்கம் ஒரு ஹட்டி (மலைக் கிராமம்), ஒன்றரை ஏக்கர் தேயிலை. பையனுக்கு 11 வயது. ஆகஸ்ட் மாதம் திடீரென்று இளைத்துப் போனான். ராத்திரி நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போவான், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பான். குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் காலையில் வாந்தி, மூச்சு வாங்கியது. கோவைக்குக் கொண்டு போய் ஐந்து நாள் வைத்திருந்தோம். டைப் 1 என்றார்கள். இப்போது ஒரு நாளைக்கு நாலு ஊசி.

போன வாரம் மைத்துனர் ஒரு வீடியோ அனுப்பினார். சமவெளியில் ஒரு கிளினிக். தொப்புள்கொடி ஸ்டெம் செல், மூன்று சிட்டிங், ஆறு லட்சம். அதில் ஒரு அம்மா, தன் பெண்ணுக்கு 28 யூனிட்டாக இருந்த இன்சுலின் இரண்டு சிட்டிங்கில் 9 யூனிட்டுக்கு இறங்கிவிட்டது என்று அழுதுகொண்டே சொல்கிறார். போன் பண்ணினேன். "அமெரிக்காவிலும் சீனாவிலும் இதில் குணமாக்கிவிட்டார்கள், நாங்கள் செய்வதும் அதேதான்" என்றார்கள். செய்தித்தாள் துண்டுகளும் அனுப்பினார்கள். படித்தால் அந்தச் செய்தி பொய் மாதிரித் தெரியவில்லை.

பச்சை இலை விற்கிற விலைக்கு ஆறு லட்சம் என்றால் தோட்டத்தை அடமானம் வைத்தால்தான் உண்டு. வீட்டுக்காரி வைத்துவிடலாம் என்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லவ்டேல் தாத்தா · ஞாயிறு இரவு 9.32

எனக்கு 22 வருடமாகச் சர்க்கரை. மாத்திரையும் ராத்திரி ஊசியும். அந்த கிளினிக் நம்பரைத் தனியாக அனுப்ப முடியுமா தம்பி? மூன்று சிட்டிங் வேண்டாம், ஒன்று போதும்.

கோத்தகிரிக்காரி · ஞாயிறு இரவு 10.15

அண்ணா, எதைச் செய்தாலும் இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் கோத்தகிரிதான், இப்போது வெளியூரில் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறேன். ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக மாறத் தெரிந்த தாய்ச் செல். அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் வளர்ப்பதுதான் மூன்று வருடமாக என் வேலை. அவர்கள் அனுப்பிய செய்தி உண்மை. அவர்கள் செய்வது அதேதான் என்பது பொய். இரண்டையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

கணையத்துக்குள் குட்டிக் குட்டித் திட்டுகளாகச் செல் கூட்டங்கள் இருக்கின்றன. 1869ல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் பார்த்துச் சொன்னது. ஒரு மனிதருக்குச் சுமார் பத்து லட்சம் திட்டுகள். அத்தனையும் சேர்த்தால் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இதற்குள் இருக்கின்றன. டைப் 1ல் உடம்பின் காவல் படையே இந்த பீட்டா செல்களை அந்நியன் என்று நினைத்து அழித்துவிடுகிறது. பையன் இனிப்பு சாப்பிட்டதாலோ நீங்கள் கவனிக்காததாலோ வந்ததில்லை இது. அதையும் வீட்டில் சொல்லுங்கள்.

போன செல்லை வெளியிலிருந்து வைக்கலாமே என்பது பழைய யோசனை. 2000ல் கனடாவின் எட்மன்டனில் ஷபிரோ என்ற மருத்துவரின் குழு, இறந்தவர்களின் கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்து ஏழு பேருக்குக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தியது. ஏழு பேரும் ஊசியை நிறுத்தினார்கள். ஆனால் ஒருவருக்கே இரண்டு மூன்று கணையம் தேவைப்பட்டது. அத்தனை தானத்துக்கு எங்கே போவது?

சாப்பிட்டுவிட்டு மீதியை எழுதுகிறேன்.

பழைய லேப் · ஞாயிறு இரவு 10.40

அம்மணி சாப்பிடட்டும், நடுவில் நான் ஒன்று சொல்கிறேன். குன்னூரில் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் 1907லிருந்து இருக்கிறது. வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அது ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து. பிறகு வீரோ செல்லுக்கு மாறினோம். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962ல் ஜப்பானில் எடுத்த செல் அது. எடுத்த குரங்கு எப்போதோ செத்துப் போயிருக்கும், செல் இன்னும் உலகம் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க அதற்குத் தீனி போட்டேன். பிங்க் நிறத் திரவம் மஞ்சளாக மாறினால் அதற்குப் பசி என்று அர்த்தம்.

என் சந்தேகம் இதுதான். குரங்குச் செல்லை இப்படி வளர்க்கிறோமே, ஒரு கணையத்திலிருந்து பீட்டா செல்லை எடுத்து அதே மாதிரி பெருக்கிவிட்டால் என்ன? ஸ்டெம் செல் எதற்கு?

கோத்தகிரிக்காரி · ஞாயிறு இரவு 11.25

ஐயா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். வளர்ந்த மனிதரின் பீட்டா செல் பெருகாது. கண்ணாடித் தட்டில் போட்டால் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும், பிறகு தன் வேலையை மறந்துவிடும். வற்புறுத்திப் பெருக்கினால் இன்சுலின் சுரப்பதை விட்டுவிடும். அதனால்தான் பெருகத் தெரிந்த செல்லிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 1998ல் தாம்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கருவிலிருந்து மனித ஸ்டெம் செல்லைப் பிரித்தார். 2006ல் ஜப்பானில் யாமனாகா எலியின் சாதாரணத் தோல் செல்லையே பின்னோக்கி ஓட்டி ஸ்டெம் செல் ஆக்கினார், அடுத்த வருடம் மனிதச் செல்லையும். 2012ல் நோபல்.

பெருக்குவது சுலபம். பாதை காட்டுவதுதான் கஷ்டம். கருவில் கணையம் எந்த வரிசையில் உருவாகிறதோ அதே வரிசையில் போக வேண்டும். முதலில் குடலாகப் போகும் அடுக்கு, அப்புறம் ஆதிக் குடல், அப்புறம் கணையத்தின் முன்னோடி, கடைசியில் பீட்டா செல். ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு புரதம், வேறு வேறு மருந்து, நாள் கணக்கு. ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் தள்ளிப்போனால் கல்லீரலாகவோ வேறு எதுவாகவோ போய்விடும். தீபாவளிக்கு ஊருக்கு வராததற்கு அம்மாவிடம் இதைத்தான் காரணமாகச் சொன்னேன், அவர் நம்பவில்லை.

கடைசி நாளில் சுழலும் குடுவையில் உருண்டை உருண்டையாக மிதக்கும். நம் ஊர் டஸ்ட் தூளை விடப் பொடி, வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். அதில் கொஞ்சம் எடுத்து டித்திசோன் என்ற சாயத்தை விடுவோம். பீட்டா செல் இன்சுலினைத் துத்தநாகத்தோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கும், சாயம் துத்தநாகத்தைப் பிடிக்கும். இரண்டு நிமிடத்தில் உருண்டைகள் ரத்தச் சிவப்பாகும். முதல் தடவை பார்த்தபோது கை நடுங்கியது. பத்துத் தடவையில் நாலு தடவை சிவக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2014ல் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டன் குழு இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. அவரும் உங்களைப் போல ஒரு அப்பாதான் அண்ணா. மகனுக்கு ஆறு மாதத்திலும் மகளுக்கு 14 வயதிலும் டைப் 1. தவளைக் கரு ஆராய்ச்சியில் இருந்தவர் அதை விட்டுவிட்டு இதில் இறங்கினார். அவர் தொடங்கிய கம்பெனியை 2019ல் வெர்டெக்ஸ் என்ற மருந்துக் கம்பெனி வாங்கியது. அவர்கள் செலுத்திய செல்லின் முடிவு 2025 ஜூனில் வந்தது. முழு டோஸ், அதாவது ஒரே தடவையில் 80 கோடி செல், 12 பேருக்கு. ஒரு வருடம் கழித்து 10 பேருக்கு இன்சுலின் ஊசியே வேண்டியிருக்கவில்லை. 12 பேருக்குமே ஆபத்தான லோ, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப்போவது, நின்றுவிட்டது.

கணக்கு வாத்தியார் · திங்கள் காலை 6.50

பன்னிரண்டில் பத்து! இதைச் சொல்லிவிட்டு எப்படி அம்மா கிளினிக் பொய் என்கிறீர்கள்? வெள்ளைக்காரன் செய்தால் ஆராய்ச்சி, நம் ஆள் செய்தால் மோசடியா? என் சகலைக்கு முட்டியில் ஸ்டெம் செல் போட்டார்கள், இன்று தொட்டபெட்டா ஏறுகிறார்.

இந்தப் பதிவு நிர்வாகியால் நீக்கப்பட்டது (கசாயப் பொடி விளம்பரம். மூன்றாவது முறை.)

பென்ஊசி · திங்கள் காலை 7.30

சார், நான் டைப் 1, பத்தொன்பது வருடம். ஊட்டியில் கடை வைத்திருக்கிறேன். உங்கள் சகலைக்கு முட்டி சரியானது சந்தோஷம். ஆனால் முட்டி வலி தன்னால் கூடும், குறையும். சர்க்கரையில் அப்படி ஒரு "தன்னால்" இருக்கிறது, அதைத்தான் அந்த வீடியோ காட்டுகிறது என்று எனக்குச் சந்தேகம்.

அண்ணா, பையனுக்கு ஆகஸ்டில் வந்தது என்றீர்கள். கண்டுபிடித்தபோது எத்தனை யூனிட், இப்போது எத்தனை?

குன்னூர் அப்பா · திங்கள் காலை 8.05

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மொத்தம் 30. இப்போது 14தான் போடுகிறோம். அதற்கு மேல் போட்டால் லோ ஆகிவிடுகிறது. கோவை டாக்டரும் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

பென்ஊசி · திங்கள் காலை 8.20

இதுதான். உங்கள் பையன் ஒரு சிட்டிங்கும் போகாமலே பாதியாகக் குறைந்துவிட்டான் பாருங்கள். இதை ஹனிமூன் காலம் என்பார்கள். எல்லா பீட்டா செல்லும் ஒரே நாளில் சாவதில்லை. சர்க்கரை ஏறிக் கிடந்தபோது மீதிச் செல்கள் திணறிப்போய் நிற்கும். வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்ததும் அவை மூச்சு விட்டு எழுந்து வேலை செய்யும். சில மாதம், சிலருக்கு ஒரு வருடம் கூட. எனக்கு ஏழு மாதம் ஓடியது. அப்போது பாட்டி நேர்ந்துகொண்டதால் குறைந்தது என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம், பொக்காபுரத்துக்குப் போய் மொட்டை கூடப் போட்டார்கள். அப்புறம் ஏறியது. பாட்டி அன்றைக்கு அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

வீடியோவில் வரும் பெண் குழந்தைக்கு எப்போது கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். மூன்று நாலு மாதம் என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

கோத்தகிரிக்காரி · திங்கள் மதியம் 1.10

பென்ஊசி அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் வாத்தியார் சாருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சார், வெள்ளைக்காரன் நம் ஆள் என்ற பேச்சே இல்லை. சீனாவில் தெங் ஹோங்குயி குழு, நோயாளியின் கொழுப்பிலிருந்தே செல் எடுத்து, ரசாயனத்தால் ஸ்டெம் செல் ஆக்கி, திட்டுகளாக வளர்த்து, வயிற்றுத் தசை உறைக்குள் வைத்தது. 25 வயதுப் பெண். 75 நாளில் ஊசியை நிறுத்திவிட்டார். 2024ல் வெளியானது. அதையும் நான் கும்பிட்டுத்தான் படித்தேன்.

கிளினிக் தருவது வேறு பொருள். தொப்புள்கொடியிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுக்கும் மீசன்கைமல் செல் அது. அதைக் கையில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால், அது கணையத்துக்குப் போய் பீட்டா செல்லாக மாறும் என்பதற்கு நம்பக்கூடிய சான்று கிடையாது. நான் மேலே சொன்ன ஒரு மாதப் பாதை, கட்டம் கட்டமான புரதம், சிவப்புச் சாயம், எதுவும் அங்கே இல்லை.

பன்னிரண்டில் பத்து என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை நேற்று எழுதாமல் படுத்துவிட்டேன், என் தப்பு. அந்தச் செல் வேறொருவருடையது. உடம்பு அதை விரட்டாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். கிருமி தொற்றும், சிறுநீரகத்துக்கும் சுமை. அந்த ஆய்வில் இருவர் இறந்தார்கள். ஒருவர் பூஞ்சையால் வந்த மூளை உறை அழற்சியில், இன்னொருவர் முன்பே இருந்த மூளைப் பாதிப்பு முற்றியதில். சீனப் பெண்ணுடையது சொந்தச் செல்தான், ஆனால் அவர் கல்லீரல் மாற்று செய்துகொண்டவர், அந்த மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது இல்லாமல் சொந்தச் செல் தாங்குமா என்று அவரை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் டைப் 1ல் உடம்பு அடிப்பதே சொந்தச் செல்லைத்தான்.

அதனால் இப்போதைக்கு இது, லோ வருவதே தெரியாமல் மயங்கி விழுகிற பெரியவர்களுக்கான ஆய்வு. 14 யூனிட்டில் ஓடித் திரிகிற பதினோரு வயதுப் பையனுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

லவ்டேல் தாத்தாவுக்கு: உங்களுடையது டைப் 2. இந்த ஆய்வுகளில் உங்களைச் சேர்க்க மாட்டார்கள், அந்த கிளினிக் மட்டும் சேர்த்துக்கொள்ளும்.

லவ்டேல் தாத்தா · திங்கள் மதியம் 2.00

புரிந்தது. நம்பர் வேண்டாம். டீக்கு வர்க்கி தின்பதை நிறுத்தச் சொல்லாமல் இருந்தால் சரி.

நாற்று மணி · திங்கள் மாலை 6.45

நான் நர்சரிக்காரன், மருத்துவம் தெரியாது. ஆனால் படிக்கப் படிக்க எங்கள் தொழில் மாதிரியே இருக்கிறது. ஒரு இலை, ஒரு கணு வெட்டி மண் பையில் நட்டால் முழுச் செடி வருகிறது. வேர் பிடித்ததும் தூக்கி வயலில் வைத்தால் செத்துவிடும். நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்க வேண்டும். அந்த 75 நாள் அதுதானே?

இன்னொன்று. சிவப்பு வேர் நோய் வந்த இடத்தில் செடி போனால், எவ்வளவு நல்ல நாற்றைக் கொண்டுவந்து வைத்தாலும் அதுவும் போகும். நோய் மண்ணில் இருக்கிறது. நாங்கள் சுற்றிலும் நாலடி ஆழத்துக்குக் கால்வாய் வெட்டுவோம். அந்த மாதிரி செல்லைச் சுற்றி ஏதாவது கட்ட முடியாதா?

கோத்தகிரிக்காரி · திங்கள் இரவு 8.30

மணி அண்ணா, அடுத்த தடவை கூட்டத்தில் பேசும்போது உங்கள் கால்வாயைத் திருடிக்கொள்கிறேன்.

75 நாள் பற்றி நீங்கள் சொன்னது ஏறக்குறைய சரி. ஆய்வகத்திலிருந்து போகும் செல் விடலைப் பருவம். உள்ளே போய் ரத்தக்குழாய் பிடித்து, சர்க்கரை ஏறினால் சுரக்கவும் இறங்கினால் நிறுத்தவும் அங்கேதான் பழகுகிறது.

கால்வாயும் வெட்டிப் பார்த்துவிட்டார்கள். வயாசைட் என்ற கம்பெனி 2014லிருந்து செல்லைச் சின்னப் பைக்குள் அடைத்துத் தோலுக்கடியில் வைத்தது. சர்க்கரையும் இன்சுலினும் போய் வரும், காவல் செல் நுழையாது என்பது கணக்கு. உடம்பு பையைச் சுற்றித் தழும்பைக் கட்டிவிட்டது, உள்ளே இருந்தவை ஆக்சிஜன் இல்லாமல் செத்தன. உங்கள் கால்வாய் நோயைத் தடுக்கும், தண்ணீரையும் தடுத்தால் என்ன ஆகும்? அதுதான். வெர்டெக்ஸும் ஒரு பெட்டி செய்து, போதுமான இன்சுலின் வராததால் 2025ல் கைவிட்டது.

இப்போது நாற்றையே மாற்றிப் பார்க்கிறார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் 42 வயதுக்காரர் ஒருவருக்கு, தானக் கணையத்தின் திட்டுகளில் மரபணுவைத் திருத்தி, காவல் படையின் கண்ணில் படாதபடி செய்து, முன்கைத் தசையில் வைத்தார்கள். அடக்கும் மாத்திரை ஒன்றுகூட இல்லை. மூன்று மாதம் கழித்தும் செல் உயிரோடு சுரந்துகொண்டிருந்தது. வைத்தது சிறு அளவு, அவர் இன்னும் ஊசி போடுகிறார். ஆனால் என்னைக் கேட்டால், பன்னிரண்டில் பத்தை விட இந்த ஒருவர்தான் பெரிய செய்தி. இதையே ஸ்டெம் செல்லில் செய்வதுதான் அடுத்த வேலை. அதிலும் மாறாத செல் ஒன்றிரண்டு தங்கினால் கட்டியாக வளரலாம். காவலின் கண்ணில் படாத செல் கட்டியானால் யார் பிடிப்பது? அதனால்தான் மெதுவாகப் போகிறார்கள்.

கணக்கு வாத்தியார் · திங்கள் இரவு 9.05

சரி அம்மா, நான் பேசியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சாதாரண மனுஷன் எதை வைத்து நல்லது கெட்டது கண்டுபிடிப்பது?

பழைய லேப் · திங்கள் இரவு 9.40

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற எந்த ஸ்டெம் செல் சிகிச்சையும் அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கூடாது என்று இருக்கிறது. ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் எண் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண்ணைக் கேளுங்கள். ஆய்வில் சேருகிறவரிடம் மருந்துக்குக் காசு வாங்கக் கூடாது. ஆறு லட்சம் கேட்கும்போதே அது ஆய்வு இல்லை.

கோத்தகிரிக்காரி · திங்கள் இரவு 10.00

இதோடு சி-பெப்டைட் என்ற ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். உடம்பு இன்சுலின் செய்யும்போது கூடவே இந்தத் துண்டும் வரும். ஊசி இன்சுலினில் இது கிடையாது. அதனால் நம் செல் எவ்வளவு சுரக்கிறது என்று இது தனியாகக் காட்டிவிடும். வீடியோவில் வந்த குழந்தைக்கு முன்னும் பின்னும் எடுத்த சி-பெப்டைட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பையனுக்கும் ஒன்று எடுத்துவிடலாம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

குன்னூர் அப்பா · வியாழன் இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. கிளினிக்குக்கு போன் பண்ணிப் பதிவு எண் கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸில் இருக்கிறது, நேரில் வாங்க" என்றார்கள். சி-பெப்டைட் கேட்டேன், லைனைக் கட் பண்ணிவிட்டார்கள். அந்த வீடியோக் குழந்தைக்குக் கண்டுபிடித்து நாலு மாதம்தான் ஆகியிருந்ததாம், மைத்துனர் விசாரித்தார்.

நேற்று கோவையில் பையனுக்கு எடுத்தோம். கொஞ்சம் சுரக்கிறது என்று வந்திருக்கிறது. எவ்வளவு நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது, குறையக் குறைய யூனிட்டை ஏற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வீட்டுக்காரி ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையும் அந்த கிளினிக்காரன் தன் கணக்கில் எழுதியிருப்பான்" என்றாள். நகைப் பெட்டியைத் திரும்ப பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பர்லியாறில் டீ குடிக்க நின்றோம். பையன் போனை வாங்கி இந்த இழை முழுக்கப் படித்தான். அந்தச் சிவப்பு உருண்டையின் போட்டோ இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்கச் சொன்னான்.

இன்னொரு சந்தேகம். இரண்டு நாளாகப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்ததை விட ஜன்னல் ஓரம் வைத்த இன்சுலின் பென் சில்லென்று இருக்கிறது. பரவாயில்லையா?

பென்ஊசி · வியாழன் இரவு 9.00

எடுத்துவிடுங்கள் அண்ணா, இப்போதே. உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, உருகினாலும் செய்யாது. தலைகுந்தாவில் ஒரு ராத்திரி வண்டிப் பெட்டியில் விட்டுவிட்டு, மறுநாள் அதையே போட்டு, மதியம் சர்க்கரை 400ஐப் பார்த்தவள் நான். இந்த மாதம் முழுக்க அலமாரியில் துணிக்கு நடுவே வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். ஜன்னலில் இருந்த பென் உறைந்திருக்குமோ என்று துளி சந்தேகம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை எடுங்கள்.

கோத்தகிரிக்காரி · வியாழன் இரவு 11.40

போட்டோ தனியாக அனுப்பியிருக்கிறேன். இடது பக்கம் சிவந்தது, வலது பக்கம் சிவக்காதது. இரண்டையும் காட்டுங்கள்.